தாகத்திற்கும் தடையா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பிள்ளைகள் எழுப்பும் முதல் வேண்டுகோள், "எங்கேயாவது அழைத்துப் போங்கள்" என்பதுதான். முன்னாளில் அவ்வேண்டுகோள் ஆற்றங்கரையோடோ, அணைக்கட்டோடோ, கடற்கரையோடோ நிறைவு பெற்றுவிடும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, கூஜா நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு காலையில் புறப்பட்ட குடும்பம் மாலையில் மகிழ்ச்சியோடு வீடு திரும்பும். கட்டுச்சோற்றையும் கூஜாவையும் திறந்து பார்ப்பதற்கு அங்கே எவரும் நின்றதில்லை.

இன்று நிலைமை வேறு. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி புதுவடிவம் கொடுத்த கேளிக்கைப் பூங்கா நம் நாட்டிலும் கால் பதித்துவிட்டது. 1984-ஆம் ஆண்டில் தில்லியில் திறக்கப்பட்ட அப்பு கர் 2008-இல் மூடப்பட்டுவிட்டது என்றாலும், அதனைப் போன்ற பூங்காக்கள் பெருநகரங்களின் புறத்தே பல எழுந்துள்ளன. பிள்ளைகள் இன்று கேட்பது ஆற்றங்கரையை அன்று. இராட்சத இராட்டினத்தையும், நீர்ச்சறுக்கையும், செயற்கை அலையையுமே கேட்கின்றனர். பெற்றோரும் மாதக்கணக்கில் பணம் சேர்த்து அழைத்துச் செல்கின்றனர். இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. உழைக்கும் குடும்பத்திற்கு ஓய்வும் களிப்பும் தேவையே.

ஆனால் பூங்காவின் வாயிலை அடைந்ததும் எழுகிற ஒரு சிக்கலை நம் வாசகர் பலரும் அறிந்திருப்பர். "பையைத் திறந்து காட்டுங்கள். தண்ணீர், குளிர்பானம் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது" என்று காவலாளி கூறுகிறார். தாயின் முகம் வாடுகிறது. தந்தை குரலை உயர்த்துகிறார். பிள்ளைகள் விழித்து நிற்கின்றனர். இத்தடை எதற்காக? மக்களின் பாதுகாப்பிற்கா, கடையின் வருவாய்க்கா? இதைச் சிறிது அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என எண்ணுகிறோம்.

சோதனை எதற்கு?

முதலில் பூங்கா நடத்துவோரின் பக்கத்து நியாயத்தைக் கூறிவிடுவோம். சில தடைகள் மெய்யாகவே நம் நன்மைக்காக ஏற்பட்டவை.

கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துக்கொள்வோம். நீர் விளையாட்டுத் திடலில் மக்கள் வெறுங்காலோடு நடமாடுகின்றனர். பாட்டில் ஒன்று கைதவறி உடையுமாயின், தண்ணீருக்கடியில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. குழந்தையின் பாதத்தில் அது தைத்த பின்னரே தெரியவரும். மதுவைத் தடுப்பதற்கோ காரணம் கூறவே வேண்டியதில்லை. குடித்தவன் நீரில் இறங்கினால் அவனுக்கும் ஆபத்து, அருகிருப்போருக்கும் ஆபத்து. இராட்டினங்களில் ஏறுகையில் கையில் எதையும் வைத்திருக்கக் கூடாது என்பதும் அவ்வாறே. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. முப்பது மீட்டர் உயரத்திலிருந்து அது நழுவி விழுமானால், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வேகத்தை எய்திவிடும். கீழே வரிசையில் நிற்பவரின் தலையில் அது விழுந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கவும் அச்சமாயிருக்கிறது.

உலர் பனிக்கட்டி என ஒன்று உண்டு. அது கரியமில வாயுவை உறையவைத்துச் செய்வது. சுழிக்குக் கீழே 78 பாகைக் குளிரில் இருப்பது. உருகி நீராகாமல் நேரே வாயுவாக மாறிப் பன்மடங்கு பெருகும். குளிர்பானங்களைச் சில்லென்று வைத்திருக்க இதைப் பயன்படுத்துவர். மூடிய பாட்டிலுக்குள் அடைபட்டால் இதுவே வெடியாகிவிடும். 2013-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்தில், குப்பைத்தொட்டிக்குள் கிடந்த பாட்டில் ஒன்று இவ்விதமே வெடித்தது. எவருக்கும் காயமில்லை, ஆயினும் அப்பகுதியிலிருந்த மக்களையெல்லாம் வெளியேற்ற நேர்ந்தது.

இவற்றோடு வன்முறையாளரைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னரே டிஸ்னி பூங்காக்களின் வாயிலில் பைகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. 2006 ஆகஸ்டில், குளிர்பானப் பாட்டில்களில் வெடிநீரை நிரப்பி விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிரிட்டனில் வெளிப்பட்டது. விமானப் பயணிகள் நூறு மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு அதன் விளைவே. ஆகவே, பையைத் திறந்து காட்டுமாறு கேட்கும் காவலாளியை நாம் பகைவராகக் கருதலாகாது.

தண்ணீரின்றித் திறந்த பூங்கா

இனி மற்றொரு பக்கத்தையும் காண்போம். டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அங்கே கடும் வெயில். புதிதாகப் போட்ட தார், பெண்களின் குதிகால் செருப்புகள் புதையும் அளவிற்கு இளகிப்போயிற்றாம். போலிச் சீட்டுகளோடு வந்தவர்களால் கூட்டம் அளவுக்கு மீறிவிட்டது. குடிநீர்க் குழாய்களைத் தேடிச் சென்றவர்களுக்கோ ஏமாற்றமே காத்திருந்தது. பல குழாய்களில் தண்ணீர் வரவில்லை. குழாய் பொருத்தும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், கழிவறைகளை முடிப்பதா, குடிநீர்க் குழாய்களை முடிப்பதா என்ற நிலை ஏற்பட்டபோது, டிஸ்னி கழிவறைகளையே தேர்ந்துகொண்டார் என்பது வரலாறு.

ஆனால் மக்கள் என்ன எண்ணினார்கள்? அப்பூங்காவிற்குப் பொருளுதவி செய்த நிறுவனங்களில் பெப்சியும் ஒன்று. குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று மக்கள் குற்றஞ்சாட்டினர். அக்குற்றச்சாட்டு உண்மையன்று. எனினும் அந்த ஐயம் ஏன் எழுந்தது என்பதை நாம் சிந்திக்க வேண்டும். தாகத்தோடு நிற்பவனுக்குத் தண்ணீரை மறுத்துவிட்டு, அவன் கண்ணெதிரே விலைக்குப் பானம் விற்பதைக் கண்டால், எந்த மனிதனுக்கும் அந்த ஐயம் எழவே செய்யும்.

அதே டிஸ்னி நிறுவனத்தின் பூங்காக்களில் இன்றுள்ள விதிகள் கவனிக்கத் தக்கவை. புளோரிடாவிலுள்ள பூங்காவிற்குள் வீட்டு உணவும் மதுவல்லாத பானமும் கொண்டு செல்லலாம். கண்ணாடிக் கலங்கள் கூடா; குழந்தை உணவு வைத்த சிறு கண்ணாடிக் குடுவைக்கு மட்டும் விலக்கு உண்டு. மது கூடாது. உலர் பனிக்கட்டியும் உதிரிப் பனிக்கட்டியும் 2019 மே மாதத்திலிருந்து கூடா. ஐஸ் பெட்டி 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்திற்கு மேற்படலாகாது. மேலும் உள்ளேயிருக்கும் விரைவு உணவுக் கடைகளில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டால் பனிக்கட்டியிட்டுக் காசின்றித் தருகின்றனர். ஆபத்தானதைத் தடுப்பதற்காகத் தாகத்தையும் சேர்த்துத் தடுக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்குகிறது.

நாம் கண்டது

சென்ற ஆண்டு மே மாதத்தில் நம் பங்கின் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளை இரு பேருந்துகளில் ஒரு கேளிக்கைப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றோம். பெற்றோர் சிலரும், பேரப்பிள்ளைகளைப் பிரிய மனமில்லாத பாட்டிமார் இருவரும் உடன் வந்தனர். வெளியுணவுக்கு அனுமதியில்லை என்று நுழைவுச் சீட்டில் அச்சிட்டிருந்தமையால், காலை உணவைப் பேருந்திலேயே முடித்துக்கொண்டோம். தண்ணீரைப் பற்றிச் சீட்டில் ஒரு சொல்லும் இல்லை.

வாயிலில் காவலாளி ஒவ்வொரு பையாகத் திறந்தார். பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் விழுந்தன. கைக்குழந்தையின் பால் புட்டியை மட்டும் விட்டுவைத்தார். பாட்டிமாரில் ஒருவர் சர்க்கரை நோயாளி. தூக்குவாளியில் சீரகத் தண்ணீர் வைத்திருந்தார். அதையும் இறக்கிவைக்கச் சொன்னபோது அவர் நம்மைத் திரும்பிப் பார்த்து, "மாத்திரை போடணுமே சாமி, என்ன செய்ய?" என்றார்.

நாம் காவலாளியிடம் காரணம் கேட்டோம். "பாதுகாப்பு விதிங்க ஐயா" என்று பலகையைக் காட்டினார். உள்ளே தண்ணீர் விற்கிறார்களா என்று கேட்டதற்கு, "கடை கடையாக் கிடைக்கும்" என்றார். "அதே பிளாஸ்டிக் பாட்டில்தானே?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் குரலைத் தாழ்த்தி, "ஒரு பாட்டிலை விட்டாலும் என் சம்பளத்துல பிடிப்பாங்க ஐயா. நானும் பிள்ளை குட்டிக்காரன்" என்றார். அவர் மீது நமக்குச் சினம் எழவில்லை. விதியை வகுத்தவர் குளிர்ச்சாதன அறையில் இருக்க, வெயிலில் நின்று மக்களின் வசையைப் பெறுபவர் அவரே அல்லரோ!

உள்ளே ஒரு லிட்டர் பாட்டில் முப்பது ரூபாய். அதன் மேலட்டையில் அச்சிட்டிருந்த விலையோ இருபது. பிற்பகல் இரண்டு மணியளவில், நீர்ச்சறுக்குக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி தலைசுற்றி அமர்ந்துவிட்டாள். வீட்டில் கொடுத்தனுப்பிய ஐம்பது ரூபாயைச் செலவழிக்க மனமின்றிக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறாள். தம்பிக்கு ஏதேனும் வாங்கிச் செல்ல வேண்டுமாம்! அவளை நிழலில் கிடத்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து ஆற்றினோம். பின்னர் அலுவலகத்திற்குச் சென்று மேலாளரைக் கண்டபோது, உணவகத்தின் பின்புறத்தில் இலவசக் குடிநீர்க் குழாய் இருப்பதாகக் கூறினார். அது மெய்தான், ஆனால் அங்கே வழிகாட்டும் பலகை எதுவும் இல்லை. பிள்ளைகளையெல்லாம் அங்கு அழைத்துச் சென்று குடிக்கச் செய்தோம். மாலையில் வெளியேறும்போது பாட்டில்களைத் திரும்பப் பெற்றோம். அவை அனைத்தும் வெறுமையாயிருந்தன. உள்ளிருந்த தண்ணீர் வாயிலருகே மண்ணில் கொட்டப்பட்டிருந்தது.

சட்டம் கூறுவது என்ன?

இப்பொருள் பற்றி நீதிமன்றங்கள் கூறியிருப்பவை திரையரங்குகளைக் குறித்தவை. ஆயினும் அவற்றின் நியாயம் நமக்கு வழிகாட்டும்.

திரிபுரா மாநிலத்தின் தலைநகரான அகர்தலாவில், திரையரங்கு ஒன்று பார்வையாளரைத் தண்ணீர்ப் பாட்டிலோடு உள்ளே விட மறுத்தது. அவ்வழக்கு தேசிய நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையம் வரை சென்றது. 2015 ஆகஸ்டில் ஆணையம் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் கருதித் தண்ணீர் கொண்டுவருவதைத் தடுப்பது தவறன்று; ஆனால் அவ்வாறு தடுப்பவர், தூய குடிநீரைக் காசின்றி, போதிய அளவில், குவளைகளோடு உள்ளே வழங்கியாக வேண்டும். வழங்காவிடில் அது முறையற்ற வணிகமாகும். முதியோரும் குழந்தைகளும் தண்ணீரின்றி இரண்டு மூன்று மணி நேரம் இருப்பது அரிது என்பதையும் ஆணையம் கருத்திற்கொண்டது.

2023-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. ஜம்மு-காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல், திரையரங்குகளுக்குள் வெளியுணவைத் தடுக்கலாகாது என ஆணையிட்டிருந்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அவர்களும் நீதிபதி நரசிம்மா அவர்களும் அவ்வாணையை நீக்கிவிட்டனர். திரையரங்கு உரிமையாளரின் உடைமை. பொதுநலனுக்கும் பாதுகாப்புக்கும் முரணாகாத நிபந்தனைகளை அவர் விதிக்கலாம். உள்ளே விற்பதை வாங்குவதும் வாங்காததும் பார்வையாளரின் விருப்பம் என்றனர். ஒருவர் ஜிலேபியைக் கொண்டுவந்து தின்றுவிட்டுப் பிசுபிசுத்த விரல்களை இருக்கையில் துடைத்தால், துப்புரவுச் செலவை யார் ஏற்பது என்று தலைமை நீதிபதி விசாரணையின்போது வினவினார். நியாயமான வினாவே! ஆனால் அதே வழக்கில், எல்லாருக்கும் சுகாதாரமான குடிநீர் இலவசமாகத் தரப்படுகிறது என்பதையும், கைக்குழந்தைகளுக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதையும் நீதிமன்றம் பதிவுசெய்தது.

இரு தீர்ப்புகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் எல்லைக்கோடு தெளிவாகத் தெரிகிறது. உணவு, குளிர்பானம் ஆகியவற்றில் உரிமையாளரின் விருப்பத்திற்கு இடமுண்டு. தண்ணீரும் குழந்தையின் பாலும் அவ்விருப்பத்திற்கு அப்பாற்பட்டவை. 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, தூய குடிநீரை மனித உரிமையென ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியிருப்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. இனி, அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் விற்பது வேறொரு குற்றம். உணவகத்தில் அமர்ந்து பரிமாறப்படும் பாட்டிலுக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் விலக்களித்தது உண்மையே. கடைப்பலகையில் நின்று வாங்கும் பாட்டிலுக்கு அக்காரணம் பொருந்தாது.

உரிமையாளர்க்கு ஒரு சொல்

பூங்கா நடத்துவது எளிதன்று என்பதை அறிவோம். இயந்திரங்களைப் பேணவும், நீரைத் தூய்மைப்படுத்தவும், ஆட்களுக்கு ஊதியம் கொடுக்கவும் பெரும் பொருள் தேவை. உணவு விற்று அதில் ஒரு பகுதியை ஈட்ட விரும்பினால், அதை வெளிப்படையாகவே கூறலாம். வணிக விதிக்குப் பாதுகாப்பு விதியென்று பெயர் சூட்டுவதுதான் முறையன்று. அது ஒரு பொய். அந்தப் பொய்யைக் காவலாளியின் வாயால் நாள்தோறும் நூறு முறை சொல்லச் செய்வது அதனினும் தீது. பொய்யான காரணத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய மக்கள், மெய்யான காரணத்தையும் நம்ப மறுப்பர். கண்ணாடியும் மதுவும் தடுக்கப்படும்போதும், "இதுவும் கடை வியாபாரத்திற்காகத்தான்" என்று ஏளனம் செய்வர். அதனால் விளையும் கேடு பூங்காவிற்கே.

பாட்டிலில் இருப்பது தண்ணீரா, மதுவா என்று கண்ணால் காண முடியாதே என்பர். அதற்கும் எளிய வழியுண்டு. வெறும் பாட்டிலை உள்ளே விட்டு, அங்குள்ள குழாயில் நிரப்பிக்கொள்ளச் செய்யலாம். விமான நிலையங்களில் இன்று நடப்பது இதுவே. வாயிலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் குழாயும், "இலவசக் குடிநீர்" என்ற பலகையும் இருந்தால் போதும். பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

அன்பார்ந்த பெற்றோரே! தண்ணீரை மறுப்பது அநீதி என்பதால் நாம் அதை ஒளித்துக் கொண்டுபோகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தையின் துணிமணிகளுக்கு அடியில் பாட்டிலைச் செருகுவதையும், "காவலாளி கேட்டால் இல்லையென்று சொல்" எனப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். இருபது ரூபாய்த் தண்ணீருக்காகப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் பொய் இருபது ரூபாயோடு நின்றுவிடாது. பின்னாளில் தேர்வு அறைக்குள் சீட்டை ஒளித்துச் செல்ல அதே கை துணியும்.

மாறாக, நேர்வழியில் செய்யக்கூடியவை பல உண்டு. புறப்படுவதற்கு முன்னரே பூங்காவிற்குத் தொலைபேசியில் பேசி, தண்ணீர் அனுமதி உண்டா, இலவசக் குடிநீர் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். கூட்டமாகச் செல்வோர் எழுத்திலேயே விடை பெறுவது நலம். வெறும் பாட்டிலை அனுமதிப்பார்களா எனவும் கேளுங்கள். நோயாளிகள் இருந்தால் மருத்துவரின் சீட்டைக் கையில் வைத்திருங்கள். வாயிலில் மறுக்கப்பட்டால் காவலாளியோடு வழக்காடாமல் மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் வழங்காவிடினும், அச்சிட்ட விலைக்கு மேல் பணம் கேட்டாலும், விலைச்சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். முறையீடு ஒருவருக்குப் பத்து ரூபாயை மீட்டுத் தருவதோடு நில்லாது. பின்னால் வருகிற நூறு பேருக்கும் குழாயைத் திறந்துவிடும்.

பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். தாகமெடுத்தால் தண்ணீர் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். காசில்லை என்று வாய் மூடியிருக்க வேண்டாம். பெரியவர் எவரிடமும் கேட்கலாம். கோடையில் தெருமுனைதோறும் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, வழிப்போக்கனுக்கு நீரும் மோரும் அளித்துவரும் நாடு இது. மானைக்குளிர வைத்து, அதன்மேல் ஈரத்துணி சுற்றி, குவளையைக் கவிழ்த்து வைக்கும் அந்தப் பந்தலில், குடிக்க வருபவனின் பெயரையோ ஊரையோ எவரும் கேட்பதில்லை. பல நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே விடும் மாளிகை, ஒரு பானைத் தண்ணீரை வாயிலருகே வைப்பதால் ஏழையாகிவிடாது. இவ்வாண்டும் பிள்ளைகளை அழைத்துச் செல்லவிருக்கிறோம். ஆனால் தண்ணீரைப் பற்றி எழுத்தில் விடை தந்த பூங்காவிற்கு மட்டுமே செல்வது என முடிவு செய்துள்ளோம். பங்குகள் யாவும், பள்ளிகள் யாவும் இவ்விதம் கேட்கத் தொடங்குமாயின், குழாய்கள் தாமே முன்வாயிலுக்கு வந்து சேரும்.